பதினான்குக்கு வலப்பக்கம் யார்?

கீழக்கரைக் கடற்கரையை ஒட்டிய எங்கள் இறகுப்பந்து கோர்ட்டில் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு விளக்கைப் போட்டதும், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நெட்டுக் கம்பத்துக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து ‘லவ் ஆல், பிளே’ (இரு பக்கமும் பூஜ்யம், ஆடலாம்) என்று சொல்லுவது என் வேலை. முழங்காலில் தசைநார் கிழிந்து ஆட்டத்தை விட்ட பிறகு எனக்கு மிஞ்சிய இடம் அந்த நாற்காலிதான். பகலில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் புள்ளிக் கணக்கு எழுதுகிறேன். கடைக் கணக்கில் நான் விட்ட பிழைகளை மறந்துவிட்டார்கள். கோர்ட்டில், 14-12 என்ற நிலையில், நான் செய்த ஒரு பிழையை மட்டும் இன்றும் யாராவது எடுத்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் இறகுப்பந்தின் புள்ளிக் கணக்கு எனக்குச் சரியாகப் புரிந்தது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். எங்கள் பக்கம் யாரும் ‘இறகுப்பந்து’ என்று சொல்லுவதில்லை; ஆட்டத்தின் பெயர் ‘ஷட்டில்’, அடிக்கப்படுவது ‘காக்’. பள்ளியில் கம்பளிப் பந்தை வைத்து அணிக்கு ஐந்து பேராக ஆடிய பூப்பந்தாட்டம் வேறு, அதன் கணக்கும் வேறு. அதை இங்கே இழுக்கவில்லை.

இன்றைய விதியின் எலும்புக்கூடு எளியது. மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். ஓர் ஆட்டத்துக்கு 21 புள்ளிகள். யார் சர்வ் (முதல் அடி) செய்திருந்தாலும், அந்த ராலியை, அதாவது காக் விழும் வரை மாறி மாறி அடிப்பதை, வென்றவருக்கு ஒரு புள்ளி, அடுத்த சர்வும் அவருக்கே. கோட்டின் மேல் விழுந்தால் உள்ளே. 20-20 ஆகிவிட்டால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 29-29 வரை இழுத்தால் 30-ஆவது புள்ளியோடு ஆட்டம் முடிந்துவிடும். யாராவது 11-ஐ எட்டியதும் 60 விநாடி இடைவேளை, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே இரண்டு நிமிடம். ஒரு ஆட்டத்தை வென்றவர் அடுத்த ஆட்டத்தின் முதல் சர்வைப் போடுவார். இவ்வளவையும் ஒரு சிறுவனுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சொல்லிக்கொடுக்கக் கடினமானது, அந்த எண்கள் ஆட்டக்காரரை எங்கே நிற்கவைக்கின்றன என்பது. நடுவர் எப்போதும் சர்வ் செய்பவரின் புள்ளியை முதலில் சொல்லுவார். எனவே ‘ஐந்து மூன்று’ என்பதும் ‘மூன்று ஐந்து’ என்பதும் இரு வேறு செய்திகள். முன்னதில் முன்னிலையில் இருப்பவர் சர்வ் செய்யப்போகிறார், பின்னதில் பின்தங்கியவர். சர்வ் செய்பவரின் புள்ளி இரட்டைப்படையாக இருந்தால் அவர் தம் வலப்பக்கக் கட்டத்திலிருந்தும், ஒற்றைப்படையாக இருந்தால் இடப்பக்கக் கட்டத்திலிருந்தும் குறுக்காகப் போட வேண்டும். ஆக, ‘ஐந்து மூன்று’ என்ற இரண்டே சொற்களில் யார் முன்னால், யார் சர்வ், எந்தக் கட்டம், எதிராளி எங்கே நிற்க வேண்டும் என்ற நான்கும் அடங்கிவிடுகின்றன. ஒற்றையர் ஆட்டத்தில் இதற்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நடு ஆட்டத்தில் வந்து நின்றாலும், ஸ்கோரைக் கேட்டதும் ஆட்டத்தின் நிலை முழுவதையும் தெரிந்துகொள்ளலாம்.

இரட்டையரில்தான் சிக்கல். அங்கே என்னைக் கவிழ்த்தவர் எங்கள் கோர்ட்டின் மூத்தவரான காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அழைக்கும் சொல்). மலேசியாவின் பினாங்கில் பல ஆண்டுகள் துணிக்கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். ஷட்டிலை அங்கேதான் கற்றிருக்கிறார். 1992-இல் கோலாலம்பூரில் மலேசியா இந்தோனேசியாவை 3-2 என வென்று, ஆடவர் அணிகளுக்கான உலகக் கோப்பையான தாமஸ் கோப்பையை எடுத்த இரவைப் பற்றி, நேற்று நடந்ததைப்போல இன்றும் பேசுவார். அவருடைய உடம்பில் ஊறியிருப்பது பழைய 15 புள்ளிக் கணக்கு.

அந்தக் கணக்கில் ஆடவர் ஒற்றையருக்கும் இரட்டையர் அனைத்துக்கும் ஆட்டத்துக்கு 15 புள்ளி, மகளிர் ஒற்றையருக்கு 11. சர்வ் செய்பவர் வென்றால் மட்டுமே புள்ளி. எதிராளி வென்றால் அவருக்குச் சர்வ் மாறும் (இரட்டையரில் முதல் ஆள் தோற்றால் அவருடைய இணை போடுவார், அவரும் தோற்ற பிறகே எதிரணிக்கு), எண்ணிக்கை அசையாது. பிரகாஷ் படுகோன் 1980-இல் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை 15-3, 15-10 என்றும், புல்லேலா கோபிசந்த் 2001-இல் அதே பட்டத்தை 15-12, 15-6 என்றும் வென்றது இந்தக் கணக்கில்தான். அந்த 15-3 என்பதை இன்றைய 21-4 போன்றது என்று நினைப்பவர்கள் உண்டு, அது சரியில்லை. அந்த மூன்று புள்ளி எடுத்தவர் மூன்று ராலிதான் வென்றார் என்று பொருளில்லை. சர்வைப் பறிப்பதற்காக அவர் வென்ற ராலிகள் எதுவும் அந்த எண்ணில் ஏறவில்லை.

இதில் ஒரு முரண் எனக்கு நெடுநாள் உறுத்தியது. டென்னிஸில் சர்வ் ஓர் ஆயுதம், ஷட்டிலில் அப்படியில்லை. காக்கைத் தாழ்வான இடத்திலிருந்து மேல்நோக்கித்தான் போட வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் 2018 முதல், மட்டை தொடும் நொடியில் காக் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அளவே வைத்துவிட்டார்கள். எங்கள் கோர்ட்டில் பழைய வழக்கப்படி கடைசி விலா எலும்புதான் அளவு. ஆக, சர்வ் செய்பவரே முதலில் காக்கைத் தூக்கிக் கொடுத்து அடி வாங்கும் நிலையில் இருக்கிறார். அப்படி இருந்தும் அவருக்கு மட்டுமே புள்ளி என்று வைத்தால், இரண்டு சமமான இணைகள் ஆடும்போது சர்வ் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும், எண்ணிக்கை நகராது. ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது ஒத்துவரவில்லை. இடையில் ஏழு புள்ளிக்கு ஐந்து ஆட்டம் என்ற முறையையும் சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். 2006-இல் 21 புள்ளி முறை வந்தது. இன்று ஓர் ஆட்டம் எவ்வளவு இழுத்தாலும் 30-29-ஐத் தாண்டாது. லெட்டுகளை (கணக்கில் சேராமல் மறுபடி ஆடும் ராலிகளை) விட்டுவிட்டால் 59 ராலிகள், அவ்வளவுதான்.

பழைய முறைக்கு இருந்த ஓர் அழகு இந்த மாற்றத்தில் போய்விட்டது. அதைத்தான் நான் 14-12-இல் தெரிந்துகொண்டேன்.

இரட்டையரில் ஓர் இணை சர்வ் செய்து புள்ளி எடுத்தால், அந்த இருவரும் தமக்குள் வலம் இடம் மாறிக்கொள்வார்கள். எதிரணியினர் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். சர்வை வாங்கி ஆடி வென்றால் யாருமே மாறுவதில்லை. இது அன்றும் இன்றும் ஒன்றே. பழைய முறையில் புள்ளி என்பதே சர்வ் செய்யும்போது மட்டும்தான் கிடைக்கும். எனவே ஓர் இணைக்கு எத்தனை புள்ளியோ அத்தனை முறை அவர்கள் இடம் மாறியிருப்பார்கள். ஆட்டம் தொடங்கும்போது வலப்பக்கம் நின்றவர், தம் அணியின் புள்ளி இரட்டைப்படையாக இருக்கும்போதெல்லாம் வலப்பக்கமும் ஒற்றைப்படையாக இருக்கும்போதெல்லாம் இடப்பக்கமும் நிற்பார். யார் எங்கே என்ற சண்டை வந்தால் ஸ்கோரைப் பார்த்தாலே போதும்.

புதிய முறையில் சர்வ் வாங்கி ஆடும்போதும் புள்ளி ஏறுகிறது, ஆனால் அப்போது இடம் மாறுவதில்லை. எனவே புள்ளிக்கும் இடமாற்றத்துக்கும் இருந்த கணக்கு அறுந்துவிட்டது. சர்வ் வலப்பக்கத்திலிருந்தா இடப்பக்கத்திலிருந்தா என்பதை ஸ்கோர் இன்னும் சொல்லுகிறது. அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் இருவரில் யார் என்பதை அது சொல்லுவதில்லை.

அன்றைக்கு ஊர்ப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஓர் உயரமான பையனும் ஓர் இடக்கைக்காரரும். மறுபக்கம் இரண்டு கல்லூரி மாணவர்கள். ஆட்டத் தொடக்கத்தில் உயரமானவன் வலப்பக்கம். 13-11 என்ற நிலையில் அவன் இடப்பக்கத்திலிருந்து சர்வ் போட்டான், நெட்டில் அடித்தான், 13-12. மாணவர்கள் சர்வ் போட்டார்கள். இடக்கைக்காரர் குறுக்கே ஒரு டிராப் (நெட்டை ஒட்டி மெதுவாக விழும் அடி) வைத்தார், 14-12, சர்வீஸ் ஓவர், அதாவது சர்வ் கைமாறியது. 14 இரட்டைப்படை, சர்வ் வலப்பக்கத்திலிருந்து. வலப்பக்கம் நின்றிருந்தவர் இடக்கைக்காரர். அவர் காக்கை எடுத்து நிமிர்ந்தபோது ஓரத்திலிருந்து காக்காவின் குரல் எழுந்தது.

“தம்பி, பதிமூணுக்கு நெட்டையன் இடப்பக்கம் நின்னான். பதினாலுக்கு அவன்தானே வலப்பக்கம் வரணும்? என்ன எழுதுற நீ?”

காக்கா சொன்னால் யாரும் மறுப்பதில்லை, நானும் மறுக்கவில்லை. என் மடியில் நோட்டு திறந்தே இருந்தது. இருந்தும் அதைப் பார்க்காமல் ‘மாறுங்க’ என்று கையைக் காட்டிவிட்டேன். உயரமானவன் வலப்பக்கம் வந்து சர்வ் போட்டு 15-12 ஆக்கினான். அடுத்ததை இடப்பக்கத்திலிருந்து போட்டுத் தோற்றான், 15-13. அப்போது அந்த 13-ஐ எழுதக் குனிந்தவன், மேலே இருந்த வரிசைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுபோனேன்.

என் நோட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசை, மொத்தம் நான்கு வரிசை. யார் சர்வ் செய்யப்போகிறாரோ அவருடைய வரிசையில் அந்தப் புள்ளியை எழுதுவேன். பெரிய போட்டிகளில் நடுவர்கள் வைத்திருக்கும் தாளும் இந்த முறையில்தான் இருக்கும். உயரமானவனின் வரிசையில் 13 இருந்தது. அப்படியென்றால் 13-இல் அவன் இடப்பக்கம், இடக்கைக்காரர் வலப்பக்கம். அந்தச் சர்வ் தோற்றது, இடமாற்றம் இல்லை. 14 வந்தது சர்வ் வாங்கி ஆடியதில், அப்போதும் இடமாற்றம் இல்லை. எனவே 14-இல் வலப்பக்கம் நிற்க வேண்டியவர் இடக்கைக்காரரேதான். காக்கா பழைய கணக்கில் எண்ணியிருந்தார். நான் நோட்டை நம்பாமல் அவர் குரலை நம்பியிருந்தேன்.

ஆட்டத்தை நிறுத்திச் சொன்னதும் மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். “அண்ணே, அப்ப அந்தப் பதினஞ்சாவது பாயிண்ட் செல்லாதுல்ல?” செல்லும். இடம் தவறிச் சர்வ் செய்தாலோ வாங்கினாலோ, கண்டுபிடித்தவுடன் இடத்தைத் திருத்த வேண்டும், அதுவரை எடுத்த புள்ளிகள் அப்படியே நிற்கும். விதி அவ்வளவுதான் சொல்லுகிறது. உயரமானவனை வலப்பக்கமும் இடக்கைக்காரரை இடப்பக்கமும் நிறுத்தி, 13-15 என்று சொல்லி, ஆட்டத்தைத் தொடங்கிவைத்தேன். தவறான இடத்தில் எடுத்த புள்ளி எப்படிச் செல்லும் என்று அன்றிரவு தேநீர்க்கடையிலும் கேட்டார்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டத் தொடங்கினால் எந்த ஆட்டமும் முடியாது என்பதே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கு பேரும் நடுவரும் கவனிக்காமல் விட்டதற்கு ஐந்து பேருமே பொறுப்பு என்றும் அதைக் கொள்ளலாம். காக்கா அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வந்து நோட்டை வாங்கி, நான்கு வரிசைகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது என்னடா மளிகைக் கணக்கு மாதிரி?” என்று திருப்பிக் கொடுத்தார்.

புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பதும் கணக்கு எழுதுகிறவனின் கெட்ட பழக்கம். 2022 மே மாதம் பாங்காக்கில் இந்தியா முதன்முறையாகத் தாமஸ் கோப்பையை வென்ற இறுதிப் போட்டியின் முதல் மோதலில், லக்ஷ்யா சென் இந்தோனேசியாவின் ஆண்டனி கின்டிங்கை 8-21, 21-17, 21-16 என்று வென்றார். கூட்டிப் பாருங்கள்: வென்றவருக்கு 50, தோற்றவருக்கு 54. மொத்த ஓட்டில் முந்தியவர் தொகுதிக் கணக்கில் தோற்பதைத் தேர்தலில் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது, ஆனாலும் இருக்கிறது. ஆட்டங்களாகப் பிரித்து வைத்திருப்பதால்தான், முதல் ஆட்டத்தில் நொறுங்கிப்போனவருக்கும் இரண்டாவதில் 0-0 என்று தொடங்க முடிகிறது. மறுகோடியில், 2017-இல் கிளாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நொசோமி ஒகுஹாரா பி. வி. சிந்துவை 21-19, 20-22, 22-20 என்று 110 நிமிடம் ஆடி வென்றார். 124 புள்ளிகளில் ஒருவருக்கு 63, மற்றவருக்கு 61. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் இரண்டே புள்ளி.

இவையெல்லாம் கூரைக்குக் கீழே நடந்தவை. எங்களுக்குக் கூரை கிடையாது. புள்ளிக் கணக்கில் எங்கள் கரையில் உண்மையாகவே அனுபவித்து உணரக்கூடிய விதி ஒன்று உண்டென்றால், அது பக்கம் மாறுவது பற்றியதுதான்.

எங்கள் கோர்ட் தெற்கு வடக்காகக் கிடக்கிறது, தெற்கே கடல். நெட்டாகக் கட்டியிருப்பது, வலை பின்னுகிறவர் ஒருவர் சிறிய கண் வைத்துப் பின்னிக் கொடுத்து, மேல் ஓரத்தில் வெள்ளைத் துணி மடித்துத் தைத்தது. கம்பத்தின் உச்சியில் ஒரு முழம் தங்கூசியில் (மீன்பிடி நைலான் நரம்பில்) பாலித்தீன் கிழிசல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தக் கிழிசல் வடகிழக்காக நீட்டிக்கொண்டு படபடக்கும். வாடைக்காலத்தில் எதிர்ப்பக்கம் மடங்கும். காக் என்பது ஐந்து கிராம் எடையுள்ள பொருள். 16 இறகுகள் கொண்ட அசல் காக் எங்கள் காற்றில் பட்டம்போலப் போய்விடும் என்பதால் நைலான் காக்கைத்தான் பயன்படுத்துகிறோம், அதுவும் அடங்காது.

கச்சானில் தெற்குப் பக்கம் நிற்பவருக்கு முதுகில் காற்று. கேட்பதற்கு வசதி போலத் தோன்றும். உண்மையில் அவர் பின்கோட்டுக்குத் தூக்கி அடிக்கும் ஒவ்வொரு காக்கும் வெளியே போய் விழும். கையைப் பாதியாகச் சுருக்கி ஆட வேண்டும். வடக்குப் பக்கம் நிற்பவர் முழு பலத்தோடு ஓங்கி அடித்தாலும் காற்று அதைப் பிடித்து இழுத்துக் கோட்டுக்குள்ளேயே இறக்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் டாஸ் வென்றதும் முதுகில் காற்று விழும் பக்கத்தைக் கேட்பார்கள். பழகியவர்கள் சர்வைக் கூட விட்டுக்கொடுத்துவிட்டு வடக்கைக் கேட்பார்கள். டாஸ் வென்றவர் சர்வையோ பக்கத்தையோ ஒன்றைத்தான் எடுக்கலாம் என்ற விதிக்கு இங்கேதான் பொருள் இருக்கிறது.

முதல் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும், மூன்றாவது ஆட்டம் தொடங்கும் முன்னும் மாற வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் மட்டும், யாராவது முதலில் 11-ஐத் தொட்டவுடன் நடுவிலேயே மாற வேண்டும். மூன்றாவது ஆட்டத்துக்கு ஈடுகட்ட நான்காவது ஆட்டம் இல்லாததால் அந்த ஒன்றையே இரண்டாக வெட்டுகிறார்கள். மாற மறந்துவிட்டால், நினைவு வந்ததும், காக் ஆட்டத்தில் இல்லாத நேரத்தில் மாற்றிவிட வேண்டும், புள்ளிகள் அப்படியே.

இந்த வெட்டு சமமாக விழுவதில்லை என்பதை நோட்டைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஒருவர் 11-3 என்று முந்தினால், மாறும் வரை நடந்தது 14 ராலி. அதன் பிறகு மற்றவர் விடாமல் துரத்தி 21-19-இல் முடிந்தால், மாறிய பிறகு நடந்தது 26. நல்ல பக்கத்தில் நின்று வேகமாகப் புள்ளி சேர்த்தவர், அந்த வேகத்தாலேயே அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் இழக்கிறார். காற்று யாருக்கு உதவியதோ அவர் கையாலேயே அந்த உதவி முடிவுக்கு வருகிறது. கடற்கரை வாலிபாலில் இந்தக் கதையே இல்லை. இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டி ஏழுக்கு ஒருமுறை, கடைசிச் செட்டில் ஐந்துக்கு ஒருமுறை, மாறிவிடுவார்கள். காற்றில் ஆடுகிறவர்களுக்கு அதுதான் நேர்மையான முறை. ஆனால் ஷட்டிலில் அதைக் கொண்டுவரப் பார்த்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டு மாறி மாறி நடக்க எங்கள் ஆட்கள் ஒப்பவில்லை. கடைசியில், கச்சான் மாதங்களில் எல்லா ஆட்டத்திலும் 11-இல் மாறுவது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. உலக பேட்மிண்டன் கூட்டமைப்பும் 2019-இல் திறந்தவெளிக்கென்றே ஏர்பேட்மிண்டன் என்ற ஒன்றையும், காற்றைத் தாங்கும் காக்கையும் அறிமுகப்படுத்தியது. அந்தக் காக் எங்கள் கைக்கு இன்னும் வரவில்லை.

21-ஐயும் விட்டுவைக்கப் போவதில்லை போலிருக்கிறது. 11 புள்ளிக்கு ஐந்து ஆட்டம் என்ற யோசனை 2018-இலும் 2021-இலும் கூட்டமைப்பில் வாக்கெடுப்புக்கு வந்து, வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் விழுந்தது. 2025-இல் 15 புள்ளிக்கு மூன்று ஆட்டம் என்ற முறையைச் சில போட்டிகளில் சோதித்தார்கள். இதைக் காக்காவிடம் சொன்னபோது முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா, கடைசியில நம்ம பதினஞ்சுக்கே வர்றான். சர்வ் போட்டு எடுத்தாத்தானே பாயிண்ட்?”

“இல்ல காக்கா. யாரு எடுத்தாலும் பாயிண்ட்தான்.”

“அப்ப அது எப்படிப் பதினஞ்சாகும்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு, காற்று அடங்கியிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அவரும் அவர் வயதுடைய மூவரும் பழைய கணக்கில் இரட்டையர் ஆடுகிறார்கள். 3-2 என்ற எண் கால் மணி நேரம் அப்படியே நிற்கும், யாரும் கவலைப்படுவதில்லை. அதற்கும் நான்தான் நாற்காலியில் உட்காருகிறேன், ஆனால் நோட்டைக் கொண்டுபோவதில்லை. யார் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஸ்கோரே சொல்லிவிடும். சர்வ் போடுவது முதல் ஆளா, செகண்ட் சர்வரா என்பதை மட்டும் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொள்கிறேன்.